அசலும் சரியும்

பழைய கார்களைச் சீர்படுத்துகிறவர்களிடம் ‘சரியானது’ என்றொரு சொல் ஓயாமல் புழங்குகிறது. சரியான விளக்கு, சரியான ஸ்டீயரிங், சரியான ஃபியூல் பம்ப். வேலை செய்கிற பம்ப் என்பது அதற்குப் பொருளில்லை. தொழிற்சாலையிலிருந்து வண்டி வெளியே வந்த நாளில் அதில் எந்தப் பம்ப், எந்த இடத்தில், எந்தக் குழாயோடு பூட்டப்பட்டிருந்ததோ அதுதான் சரியானது. அந்த நாளுக்குப் பிறகு வண்டிக்கு நடந்த எல்லாம், இந்தக் கணக்கில், வழுவல்.

தொடப்படாதது, மாறாதது, முதல் நாளில் இருந்தபடியே இருப்பது என்று மதிப்புப் போடுகிற இந்த மொழியை நாம் கார்களிடமிருந்து கற்றுக்கொள்ளவில்லை. பெண்ணுடல் மீது பல நூற்றாண்டுகளாகப் பேசிப் பழகிய மொழி அது; கார்களுக்கு வந்தபோது புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. இங்கிலாந்தின் பழைய கார் விளம்பரங்களில் ‘கவனமான ஒரே பெண் உரிமையாளர்’ என்பது தேய்ந்துபோன வாசகம். வேகமாக ஓட்டியிருக்க மாட்டாள், பானெட்டைத் திறந்து கைவைத்திருக்க மாட்டாள், ஆகவே வண்டி கெடாமல் இருக்கும் என்பது அதன் உட்பொருள். வண்டியின் கற்புக்கு அவளுடைய அறியாமையே சாட்சி.

அதனால் ‘சரி’ என்ற சொல்லையே தூக்கி எறிந்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் பெட்ரோலின் விஷயத்தில் அப்படிச் செய்ய முடியாது. தவறான பம்ப்பை மாட்டினால் வண்டி எரியும். எனவே கொஞ்சம் பொறுமையாக, ஒரு குறிப்பிட்ட காரின் குறிப்பிட்ட பம்ப்பை வைத்தே யோசித்துப் பார்க்கலாம்.

ஜாகுவார் எக்ஸ்ஜே6. கோவென்ட்ரி நகரத்துத் தொழிற்சாலையிலிருந்து 1968 செப்டம்பரில் அறிமுகமான சொகுசுக் கார். அதன் முதல் வரிசை வண்டிகளில் ஒன்றுக்கு இரண்டாகப் பெட்ரோல் டேங்குகள், வண்டியின் பின்பகுதியில் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 50 லிட்டர். பெட்ரோல் போடவும் இரண்டு வாய்கள். ஒவ்வொரு டேங்குக்கும் தனியாக ஒரு மின்சாரப் பம்ப். டாஷ்போர்டில் இருக்கும் ஒரு சுவிட்சைத் தட்டினால் இந்த டேங்க், மறுபடி தட்டினால் அந்த டேங்க்.

பம்ப் எஸ்யூ நிறுவனத்துடையது. இதன் உள்வேலை எனக்கு மிகவும் பிடித்தமானது, ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உள்ளே ஒரு கம்பிச்சுருள், ஒரு ரப்பர் சவ்வு, ஒரு ஸ்பிரிங். மின்சாரம் பாய்ந்ததும் சுருள் காந்தமாகிச் சவ்வை இழுக்கிறது. பெட்ரோல் உள்ளே வருகிறது. இழுத்து முடிந்ததும் ஒரு சின்ன இணைப்பு துள்ளி, மின்சாரத்தின் தொடுமுனையைப் பிரித்துவிடுகிறது. காந்தம் போயிற்று. இப்போது ஸ்பிரிங் தன் பலத்தில் சவ்வைத் தள்ள, பெட்ரோல் எஞ்சினை நோக்கிப் போகிறது. தள்ளி முடிந்ததும் தொடுமுனை மறுபடி சேரும். டக், டக், டக் என்று கேட்கும். கார்புரேட்டரின் கிண்ணம் நிறைந்ததும் அங்குள்ள ஊசி வால்வு வழியை அடைக்கும். ஸ்பிரிங்கால் மேற்கொண்டு தள்ள முடியாது. சவ்வு அப்படியே நிற்க, பம்ப் மௌனமாகிவிடும். எஞ்சின் குடிக்கக் குடிக்க மறுபடி ஒரு டக்.

இதில் கவனிக்க வேண்டியது, பெட்ரோலைத் தள்ளுவது மின்சாரம் அல்ல, ஸ்பிரிங்தான் என்பது. அதனால் அழுத்தம் அந்த ஸ்பிரிங்கின் பலத்தைத் தாண்டாது. டயருக்குக் காற்றடிக்கும்போது 30 என்கிறோமே, அதே அளவுகோலில் இந்தப் பம்ப்பின் அழுத்தம் சுமார் 3. கார்புரேட்டரின் ஊசி வால்வு தாங்கக்கூடியதும் ஏறத்தாழ அவ்வளவே. பெட்ரோலைப் பீய்ச்சுகிற இஞ்செக்‌ஷன் வண்டிகளின் பம்ப்பில் இது 30, 40 என்று போகும். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று சொல்லி விற்கப்படும் பம்ப்புகளில் சில 6, 7 வரை தள்ளும். அப்படியொன்றை இங்கே மாட்டினால் ஊசி வால்வால் அடைக்க முடியாது. கிண்ணம் வழியும். சூடான எஞ்சினுக்குப் பக்கத்தில் பெட்ரோல் சொட்டும்.

இன்னொன்றும் உண்டு. ஒரு டேங்கிலிருந்து ஓடும்போது மற்றதன் பம்ப் சும்மா இருப்பதுபோலத் தெரியும். அது சும்மா இல்லை. அதனுள்ளே இருக்கும் வால்வுகள் கதவாக நின்று, இந்தப் பக்கத்துப் பெட்ரோல் அந்தப் பக்கத்து டேங்குக்குள் போய் நிரம்பி வழியாமல் தடுக்கின்றன.

ஆக, ‘சரியான பம்ப்’ என்பதற்கு இரண்டு பொருள்கள் இருப்பது தெரிகிறது. புத்தகத்தில் எழுதப்பட்ட பம்ப் என்பது ஒன்று. பக்கத்தில் இருக்கிற உறுப்பு எவ்வளவு தாங்குமோ அவ்வளவே தள்ளுகிற பம்ப் என்பது மற்றொன்று. முதலாவது தொடக்கத்தைப் பார்க்கிறது. இரண்டாவது உறவைப் பார்க்கிறது. பெரும்பாலான நேரம் இரண்டும் ஒரே பொருளில் வந்து சேர்வதால், வேறுபாடு நம் கண்ணில் படுவதில்லை.

எப்போது படுகிறது என்பதற்கு இதே எஸ்யூ நிறுவனத்தின் வரலாற்றிலேயே ஒரு சான்று இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் போர் விமானங்களில் இருந்தது ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் எஞ்சின். அதற்குப் பெட்ரோல் ஊட்டியது எஸ்யூ கார்புரேட்டர். விமானி மூக்கைக் கீழே சாய்த்துச் சட்டென்று பாய்ந்தால் பெட்ரோல் கிண்ணத்தின் மேற்பக்கத்துக்கு எகிறும். எஞ்சின் ஒரு கணம் திணறும். பிறகு மிதவை தாறுமாறாகிக் கட்டுப்பாடில்லாமல் பெட்ரோல் புகுந்து எஞ்சினை மூழ்கடித்துவிடும். ஜெர்மானிய விமானங்களில் இஞ்செக்‌ஷன் இருந்ததால் அவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவை கீழே பாய்ந்து தப்பித்தன, அல்லது துரத்தி வந்து சுட்டன.

ஃபார்ன்பரோவில் இருந்த அரசு விமான ஆய்வு நிலையத்தின் பொறியாளர் பியாட்ரிஸ் ஷில்லிங் இதற்கு 1941இல் ஒரு தீர்வு சொன்னார். பெட்ரோல் வரும் வழியில் ஒரு சிறு உலோகத் தடுப்பு, நடுவே ஒரு துளை. எஞ்சின் உச்ச வேகத்தில் எவ்வளவு குடிக்குமோ அவ்வளவு மட்டும் போகும்படி கணக்கிட்ட துளை. கிண்ணம் மூழ்காது. பிரச்சினை முழுதாகத் தீரவில்லை, ஆனால் ஆளைக் கொல்லும் பகுதி தீர்ந்தது. விமானத்தைப் படைப்பிரிவிலிருந்து எடுக்காமலே பொருத்தலாம் என்பதால், சிறு குழுவோடு விமானத் தளங்களுக்கே போய்ப் பொருத்தித் தந்தார். 1909 மார்ச் 8இல் பிறந்தவர் (ஆம், அதே தேதிதான்). மான்செஸ்டரில் மின்பொறியியல் படித்தவர். புரூக்லாண்ட்ஸ் பந்தயத் தளத்தில் மணிக்கு 100 மைலுக்கு மேல் மோட்டார்சைக்கிள் ஓட்டித் தங்க நட்சத்திரம் வாங்கியவர். அவருடைய கருவிக்கு விமானப்படையில் ஒட்டிக்கொண்ட பெயர் ‘மிஸ் ஷில்லிங்கின் துவாரம்’. அதிலுள்ள இரட்டைப் பொருளை விளக்க வேண்டியதில்லை. உயிரைக் காப்பாற்றிய பொருளுக்குக்கூட அதைச் செய்தவளின் உடலை வைத்துத்தான் பெயரிடத் தோன்றியிருக்கிறது.

இந்த இடத்தில் ‘அசல்தான் சரி’ என்ற வாதம் நிற்க முடியாது. தொழிற்சாலை அனுப்பியது அசல். அது தவறாக இருந்தது. ஒருத்தி ஒரு துளையை நடுவே வைத்து அதைச் சரியாக்கினாள்.

பெர்த்தா பென்ஸையும் இங்கே சொல்லலாம். ஆனால் 1888இல் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் கணவருடைய வண்டியை ஓட்டிப்போனபோது, அடைத்துக்கொண்ட பெட்ரோல் குழாயைத் தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார் என்ற கதையை எல்லோரும் கேட்டிருப்போம். ஊசியைத்தான் எல்லோரும் ரசிக்கிறார்கள். குழாய்தான் அடைத்திருக்கிறது என்று வழியில் நின்று கண்டுபிடித்ததை யாரும் பேசுவதில்லை. அந்தத் தொழிலில் அவருடைய சீதனப் பணம் போடப்பட்டிருந்தது என்பதும் மெல்லிய குரலில்தான் சொல்லப்படுகிறது.

இனி, எனக்கு நேரே தெரிந்த ஒரு வண்டி. கோவென்ட்ரியில் வசிக்கும் தோழி ஒருத்தியிடம் 1972ஆம் ஆண்டு எக்ஸ்ஜே6 இருக்கிறது. அவளுடைய அப்பா பழையதாக வாங்கியது. 1988இல் அவர் இறந்தபின், இரவுப்பணி நர்ஸாக இருந்த அம்மா அதை ஓட்டினார். சொகுசுக்காக இல்லை. வேறு வண்டி வாங்கப் பணமில்லை, பாதிராத்திரியில் பஸ்ஸும் இல்லை. எஸ்யூ பம்ப்பின் தொடுமுனைகள் நாளாவட்டத்தில் தீய்ந்து ஒட்டிக்கொள்ளும். அப்போது பம்ப்பை மெல்லத் தட்டினால் மறுபடி ஓடும். இது பழைய இங்கிலாந்து வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். அம்மா செருப்புக் குதியால் தட்டுவாராம். அந்தப் பம்ப்பின் மொழி அவருக்குக் காதிலேயே இருந்தது. விடாமல் வேகமாக டக்டக் என்றால் டேங்க் காலி, அல்லது எங்கோ காற்று புகுகிறது. எஞ்சினை அணைத்துச் சாவியை மட்டும் திருப்பி வைத்திருக்கும்போதும் இடைவிட்டு ஒரு டக் கேட்டால் எங்கோ கசிகிறது. ஒன்றுமே கேட்கவில்லையா, செருப்பைக் கழற்று.

ஒருநாள் தட்டியும் ஓடவில்லை. இரண்டு புது பம்ப்புகளின் விலையை விசாரித்துவிட்டு, எல்லா வண்டிக்கும் பொருந்தும் பம்ப் ஒன்றை வாங்கி, வலப்பக்க டேங்கை அடைத்துவிட்டு, இடப்பக்க டேங்கோடு அவரே அதைப் பூட்டினார். பதினெட்டு வருடம் அப்படியே ஓடியது.

தோழி கைக்கு வண்டி வந்தபின், பழைய ஜாகுவார்களில் பெயர்பெற்ற ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனாள். அங்கிருந்தவர் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, “இதைச் செய்தவன் கையை உடைக்கணும்” என்றாராம். ‘செய்தவன்’. அவள் திருத்தவில்லை. திருத்தினால் அம்மாவின் பெயருக்குத்தான் அந்த வசை போய்ச் சேரும்.

இங்கேதான் எனக்கு இந்தக் கேள்வி தத்துவக் கேள்வியாக மாறியது. பட்டறைக்காரர் சொன்னதில் உண்மை இருந்தது. அம்மா போட்ட பம்ப் தேவைக்கு மேல் தள்ளியது. வண்டியில் வருடக்கணக்காகப் பெட்ரோல் வாடை. ஸ்பார்க் பிளக்குகள் கரி பிடித்துக் கிடந்தன. அது ஆபத்தான வேலைதான். அதே வேலைதான் அந்த வீட்டுக்குப் பதினெட்டு வருடம் சோறு போட்டது. இரண்டும் ஒரே பம்ப்பைப் பற்றிய உண்மைகள். ஒன்றைச் சொல்ல மற்றதை அழிக்க வேண்டும் என்று ஏன் நினைக்கிறோம்?

‘ஒப்பேற்றல்’ என்று நாம் இளப்பமாகச் சொல்கிற வேலைகளை யார் செய்கிறார்கள் என்று பாருங்கள். சரியான உறுப்பை வாங்கக் காசில்லாதவர்கள், நாளைக் காலை எப்படியாவது ஓடியாக வேண்டியவர்கள். ‘சரி’ என்பதற்கு ஒரு விலை உண்டு. அதைக் கட்ட முடிந்தவர்கள் கட்ட முடியாதவர்களின் வேலையைப் பார்த்து ஒழுக்கக்கேடு என்கிறார்கள். கிழிந்த பாவாடையில் துண்டு வைத்துத் தைப்பது, பழைய சோற்றை மறுநாளைக்கு ஆக்குவது, பிரஷர் குக்கரின் கைப்பிடியை ஆணி வைத்து முடுக்குவது எல்லாம் இந்தக் கணக்கில் வழுவல்தான்.

எது திறன் என்று யார் தீர்மானிக்கிறார்கள் என்பதும் இதோடு சேர்ந்தது. எக்ஸ்ஜே6 அறிமுகமான அதே 1968இல், ஜூன் மாதம், டேகனாம் ஃபோர்டு தொழிற்சாலையில் கார் இருக்கை உறைகள் தைத்த 187 பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தையல் தெரியுமா என்று சோதித்துத்தான் அவர்களை வேலைக்கு எடுத்திருந்தார்கள். எடுத்தபின் அந்த வேலையைத் திறன் குறைந்த பிரிவில் வைத்தார்கள். மூன்று வாரப் போராட்டம் 1970ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்துக்கு வழிவிட்டது. ஆனால் அவர்கள் முதலில் கேட்டது திறனுள்ளவர்கள் என்ற அங்கீகாரத்தை. அது 1984இல், இன்னொரு வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான் கிடைத்தது. இன்று பழைய கார்ப் போட்டிகளில், கையால் தைத்த அசல் இருக்கைக்கு மதிப்பெண் கூட்டிக் கொடுக்கிறார்கள்.

தத்துவ வகுப்பில் தீசியஸின் கப்பலைப் படித்திருப்பீர்கள். ஏதென்ஸ்காரர்கள் பாதுகாத்துவந்த கப்பல். பலகை பலகையாக மாற்றிக்கொண்டே போனால் கடைசியில் இருப்பது அதே கப்பலா, வேறா என்பது புதிர். இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கப்பலைப் பற்றியே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பலகையை மாற்றியது யார், உளுத்த பலகை எது என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டவரை நான் படித்ததில்லை. பொருளின் அடையாளம் அதன் தொடக்கத்தில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டால், இடையில் அதைப் பேணியவர்களுக்கு வரலாற்றில் இடமே கிடையாது.

தமிழ் இந்த விஷயத்தில் தாராளமானது. ரிப்பேர் செய்வதைப் ‘பழுது பார்த்தல்’ என்கிறோம். பிரசவம் பார்க்கிறோம், வைத்தியம் பார்க்கிறோம், பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறோம், படுத்த மாமியாரைப் பார்த்துக்கொள்கிறோம். எல்லாவற்றுக்கும் ஒரே வினை. முதலில் பார்க்க வேண்டும். கை பிறகு தானாக வரும். ‘அசல்’ என்ற சொல்லையும் கவனிக்கலாம். நமக்கு அது கடன் தொகை. அசல் அப்படியே நிற்கும், வட்டி கட்டியே மாளும். வட்டி கட்டுகிறவருக்குத்தான் அசலின் பாரம் தெரியும்.

பழைய கட்டடங்களைப் பேணுவதற்கு 1964இல் வகுக்கப்பட்ட வெனிஸ் சாசனம் இதில் எனக்கு உதவுகிறது. எங்கே ஊகம் தொடங்குகிறதோ அங்கே சீரமைப்பு நின்றுவிட வேண்டும் என்கிறது அது. எல்லாக் காலத்தவரும் அந்தக் கட்டடத்தில் சேர்த்துவைத்த பெறுமானமுள்ள பங்களிப்புகளை மதிக்க வேண்டும் என்றும், ஒரே பாணியாக ஆக்குவது சீரமைப்பின் நோக்கமில்லை என்றும் சொல்கிறது. கோயிலுக்குப் பொருந்துவது காருக்குப் பொருந்தாது என்று சொல்ல எனக்குக் காரணம் தெரியவில்லை. ஆனால் மதிப்பது என்றால் அப்படியே விட்டுவைப்பதா? விட்டுவைத்தால் பெட்ரோல் சொட்டும். அம்மா மீது மரியாதை என்பதற்காக மகள் தீக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்ட வேண்டியதில்லை. நம் அம்மாக்கள் தாக்குப்பிடித்த வழிகளைக் கொண்டாடும்போது, அவற்றையே நாமும் தொடர வேண்டும் என்று ஒரு குரல் பின்னால் வரும். அதற்குச் செவிசாய்க்கக் கூடாது.

தோழி 2022இல் இரண்டு எஸ்யூ பம்ப்புகளையும் வாங்கினாள். அவை இன்றும் இங்கிலாந்தில் தயாராகின்றன. ஆனால் அங்கேயும் ஒரு தேர்வு காத்திருந்தது. பழையபடி தீயக்கூடிய தொடுமுனை வைத்தது ஒன்று. தோற்றத்தில் அதுபோலவே, உள்ளே தொடுமுனைக்குப் பதில் மின்னணுச் சுற்று வைத்தது ஒன்று. இரண்டுமே அசல் நிறுவனத்தின் பெயரில் வருபவை. அவள் தொடுமுனை வகையையே எடுத்தாள். அது கெட்டால் தட்டிப் பார்க்கலாம், திறந்து பார்க்கலாம், மின்னணுவில் பார்க்க ஒன்றுமில்லை என்றாள். நானாக இருந்தால் மற்றதை எடுத்திருப்பேன். இரவு இரண்டு மணிக்குச் செருப்பைக் கழற்றுவதில் எனக்குக் கவர்ச்சி இல்லை.

குழாய்களில் அவள் அசலை விட்டு விலகினாள். 2021 செப்டம்பரிலிருந்து பிரிட்டனில் சாதாரணப் பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால். நம் ஊர்ப் பங்க்குகளில் இன்னும் கூடுதல். 1972இன் ரப்பர் அதைத் தாங்காது; ஊறி, வெடித்து, கசியும். அன்றைய குழாயை அப்படியே மாட்டுவது புத்தகத்துக்கு விசுவாசம், பெட்ரோலுக்குத் துரோகம். எனவே எத்தனால் தாங்கும் குழாய். கூடவே, வண்டி எதிலாவது மோதினால் பம்ப்புக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்று. அது அவள் வண்டியில் எப்போதும் இருந்ததில்லை. பட்டறைக்காரர் முகம் சுளித்தாராம்.

வலப்பக்க டேங்கைத் திறந்தபோது அடியில் துருப்பொடி ஒரு விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. கழுவி, பூச்சுப் பூசி, மறுபடி ஏற்ற ஒரு மாதம் ஆனது. வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் 1988க்குப் பிறகு பக்கங்கள் வெறுமையாக இருந்தன. அம்மா எந்தப் பட்டறைக்கும் போகாததால் முத்திரை இல்லை. முத்திரை இல்லாத வருடங்கள் விற்பனைச் சந்தையில் பராமரிக்கப்படாத வருடங்கள். தோழி அந்தப் பக்கங்களில், தெரிந்த மட்டும், எழுதினாள். எந்த ஆண்டு, எந்தப் பம்ப், எப்படிப் பூட்டியது, அதில் என்ன பிழை, எத்தனை வருடம் ஓடியது, பூட்டியவர் பெயர். தெரியாத இடங்களை வெறுமையாகவே விட்டாள். கழற்றிய பம்ப்பை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, டப்பாவின் மேல் தேதி ஒட்டினாள்.

இதை விற்பதாக இருந்தால் விளம்பரத்தில் எப்படி எழுதுவாய் என்று அவளிடம் கேட்டேன். ‘கவனமான ஒரே பெண் உரிமையாளர்’ என்று எழுத வழியில்லை, நாங்கள் இரண்டு பேர் என்றாள். பிறகு, டிக்கியைத் திறந்து, வலப்பக்கப் பம்ப் இன்னும் கொஞ்சம் அவசரமாக அடிக்கிறது, எங்கோ காற்று புகுகிறது, கேள் என்றாள்.